எனக்கு வந்து போய்விட்டது

ஜூலை 6, திங்கள்

நோய் பற்றிய குறிப்புகளுக்குத் தனி நோட்டு தேவை என்று இன்று தொடங்குகிறேன். வழக்கமான நாட்குறிப்பில் எழுதினால் பால்காரர் வராத செய்தியும் என் உடல் வெப்பமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

முப்பத்தொரு ஆண்டுகள் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மண்ணையும் மூன்று முறை சோதிக்காமல் முடிவு எழுதியதில்லை. இதனால் சில விவசாயிகளின் கைக்கு என் முடிவு போய்ச் சேர்ந்தபோது அறுவடையே முடிந்திருந்தது. சென்னியப்பன் என்பது ரேஷன் அட்டையில் உள்ள பெயர். கோபி நகரில் எங்கள் வீதியில் எனக்கு மண்ணு சார் என்றுதான் பெயர்.

வயது எழுபத்தொன்று. இந்த வயதுக்காரர்கள் வெளியே வரவே வேண்டாம் என்று வண்டியில் மைக் கட்டிச் சொல்லிப் போகிறார்கள். சொல்லாவிட்டாலும் நான் போகமாட்டேன்.

காலை ஆறு மணிக்கு நான்கு சோதனைகள். வெப்பம்: 98.2. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்: 97. (ருக்குமணிக்கு 99 காட்டியது. கருவியைச் சந்தேகிக்கிறேன்.) மூச்சடக்கி இருபது எண்ணுதல்: பதினேழில் பயம் வந்து விட்டுவிட்டேன். நான்காவது, முகர்தல். இந்த நோயின் முதல் அடையாளமே மணம் தெரியாமல் போவது என்கிறார்கள். எனவே நிலையான ஒரு மணப்பொருள் வேண்டும். காப்பித்தூளின் மணம் நாளுக்கு நாள் மாறும். பெருங்காயம் மாறாது. கண்ணை மூடிக்கொண்டு (கண் பார்ப்பது மூக்கை ஏமாற்றும்) டப்பாவின் வாயில் மூக்கை வைத்து மூன்று முறை இழுக்க வேண்டும்.

மணம் உண்டு.

ஜூலை 7, செவ்வாய்

மணம் உண்டு. ஆனால் நேற்றைவிடக் குறைவோ?

ஜூலை 8, புதன்

மணம் உண்டு. குறைவு என்று நேற்று எழுதியது மனப்பிரமை. அல்லது உண்டு என்று இன்று எழுதுவது மனப்பிரமை.

ஜூலை 9, வியாழன்

காலைச் சோதனையின்போது ருக்குமணி சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"ஏனுங்க, காய டப்பாவுக்குள்ள மூக்க விட்டுட்டு என்ன பண்றீங்க?"

விளக்கினேன்.

"எத்தன நாளா?"

"நாலு நாளா."

"நாலு நாளா அதையத்தான் நான் சாம்பார்ல போட்டுட்டு இருக்கறேன்!"

"மூக்கு படறதில்ல ருக்கு. ஒரு இஞ்சு இடைவெளி விட்டுத்தான்…"

"உங்க மூக்குக்கு அந்த டப்பாவுல எங்கீங்க இஞ்சு மிச்சமிருக்குது?"

நாற்பத்தாறு ஆண்டுகளாக அவள் என் மூக்கைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எனினும் மாலையில் அவளே ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட்டாள். காய டப்பா போலவே இருந்த ஒரு பழைய டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, நிரப்பி என்னிடம் தந்தாள். "இது உங்களுக்கு மட்டும். இனி அடுப்படிப் பக்கம் மூக்கக் கொண்டு வரப்படாது." 'சோதனைக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். என் முறைகளுக்கு அவள் இவ்வளவு ஒத்துழைப்பது அபூர்வம். நெகிழ்ந்துவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

மணம் இல்லை.

6.04க்கு இல்லை. 6.10க்கு இல்லை. 6.20க்கு இல்லை. மூன்று முறை சோதித்தாகிவிட்டது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. என் வாழ்வில் இப்படி எழுதுவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ருக்குமணியிடம் பத்தடி தள்ளி நின்று சொன்னேன்.

"ஒண்ணுமே தெரியலீங்களா?"

"ஒண்ணுமே."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதிர்ச்சி. "எதுக்கும் ரெண்டு நாள் பாக்கலாமுங்க" என்றாள் கடைசியில். என்ன மனத்துணிவு!

மாடி அறைக்கு வந்துவிட்டேன். பதினான்கு நாள்.

மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காரணங்கள்: இல்லை என்று வந்தால், நூற்றில் முப்பது முடிவுகள் தவறாம்; நம்ப முடியாது. உண்டு என்று வந்தால் வீதியைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள். எதிர்வீட்டு ஆறுச்சாமி அந்தத் தகரத்துக்குப் பின்னால் நின்று பேசுவார். அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பின்படிக்கட்டிலிருந்து கத்தினால் முன்படிக்கட்டில் நிற்பவர் இறங்கிவிடுவாராம். மற்றபடி குச்சிக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

ஜூலை 12, ஞாயிறு

முழு ஊரடங்கு. மாடியிலிருந்து பார்த்தால் வீதியில் ஒரு நாய் மட்டும் இருக்கிறது. அதுவும் இடைவெளி விட்டே உட்கார்ந்திருக்கிறது.

ருக்குமணி கஞ்சி கொண்டுவந்தாள். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் கேட்காமல் உள்ளே வந்து, முகக்கவசமும் இல்லாமல், என் கட்டிலிலேயே உட்கார்ந்து, நான் மீதி வைத்த முறுக்கைத் தின்றாள்.

"ருக்கு, தொத்திக்கும்!"

"எனக்கொண்ணும் வராதுங்க."

இந்த அன்பை எழுத என்னிடம் மொழியில்லை. கீழே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாலையில் மூன்று தொடர்கள் பார்க்கிறாள். முன்பு ஒன்றைப் பார்க்கும்போதே நான் வெப்பமானியுடன் குறுக்கே போவேன், எரிச்சல்படுவாள். இப்போது என்னைப் பற்றிய கவலையை மறக்கத்தான் பார்க்கிறாள் என்று புரிகிறது. நடுநடுவே சிரிப்பதும் அதற்காகத்தான்.

ஜூலை 15, புதன்

வினோதமான ஓர் அறிகுறி. காலை பதினொன்றரை மணிக்குக் கருவாட்டுக் குழம்பின் மணம் மிகத் தெளிவாக வந்தது. உடனே சோதனை டப்பாவை எடுத்து முகர்ந்தேன். சுத்தமாக ஒன்றுமில்லை. ஆகவே மூக்கு செயலிழந்த நிலையில் மூளையே பழைய நினைவிலிருந்து மணத்தைத் தயாரித்துக்கொள்கிறது.

மதியம் தட்டில் கருவாட்டுக் குழம்பே வந்தது. நினைவின் துல்லியம் வியப்பளிக்கிறது.

ஜூலை 18, சனி

மணம் இல்லை. 98.2. காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தை ருக்குமணியிடம் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள்.

ஜூலை 24, வெள்ளி

பதினான்கு நாள் முடிந்தது. காய்ச்சல் வரவில்லை, மூச்சுத் திணறவில்லை. அறிகுறி குறைந்த வகை. மணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். ஆனால் முக்கியமானது அதுவல்ல. எனக்கு வந்தது. போய்விட்டது.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதத்திலிருந்து எதற்குப் பயந்தேனோ அது என் வீட்டு மாடிவரை வந்து, என்னைப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போயிருக்கிறது.

வாசல் கேட்டைத் திறந்து வெளியே நின்றேன். எதிரே ஆறுச்சாமி குழாய் போட்டு ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக மைசூர் போய் ஊரடங்கில் அங்கேயே தங்கிவிட்டார். தனியாக இருப்பவர், தினமும் ஸ்கூட்டரைக் கழுவுகிறார். தண்ணீர் வீதியைக் கடந்து எங்கள் வாசலில் வந்துதான் தேங்கும். இருபது வருடமாகத் தேங்குகிறது. இது குறித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். திருத்தித் திருத்தி எழுதியதில் இது பதினோராவது படி. இன்னும் கொடுக்கவில்லை.

"மண்ணு சார்! இருக்கீங்ளா? ரெண்டு வாரமா ஆளையே காணோம். உங்கூட்டு அம்மாவக் கேக்கலாம்னு பாத்தேன். ஏடாகூடமா ஏதாச்சும் பதில் வந்துட்டா என்ன பண்றதுன்னு உட்டுட்டேன்."

பொய் சொல்ல எனக்கு வராது. "எனக்கு வந்திருந்ததுங்க. இப்பப் போயிருச்சு."

அவர் துள்ளிப் பின்வாங்கியதில் கையிலிருந்த குழாய் என் பக்கம் திரும்பிவிட்டது. தலையிலிருந்து கால்வரை நனைந்தேன்.

"நல்லதுக்குத்தானுங்க" என்றார் தூரத்திலிருந்து. "கழுவுனாப்பலயும் ஆச்சு."

ஜூலை 26, ஞாயிறு

வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆறுச்சாமி தொலைபேசியில் யாரிடமோ சொன்னாராம். தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். நான் மாடியில் தெரிந்தால் எதிர்வரிசையில் சன்னல்கள் சாத்தப்படுகின்றன. ருக்குமணி குற்ற உணர்வோடு இருக்கிறாள், ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 29, புதன்

நிலைமை தலைகீழாகிவிட்டது. கடைசி வீட்டுக் கோமதி டீச்சர்தான் எங்கள் வீதியின் வாட்சப் குழுவை நடத்துகிறார். அதில் நேற்று ஒரு செய்தி போட்டார்: ஒருமுறை வந்து போனவருக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊறிவிடும், மறுபடி வராது. இது எவ்வளவு காலத்துக்கு என்று யாருக்கும் தெரியாது, அறிவியலாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை என்று நான் நான்கு பத்திகளில் பதில் எழுதினேன். ஒருவரும் படிக்கவில்லை. காலை எட்டு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்குத்தான் வந்து போயிருச்சே. என்ற பிரசர் மாத்திரை மட்டும் வாங்கியாந்து கேட்டுல வெச்சிருங்களேன். எங்களுக்கெல்லாம் வெளிய போறதுக்கே பயமா இருக்குதுங்க."

எனக்கும் பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது நான்கு பத்திகளுக்கு முரணாக இராது. ஆனால் "சரிங்க டீச்சர்" என்று வந்துவிட்டது.

மாலைக்குள் பதினொரு வீடுகள். கட்டம் போட்டுப் பட்டியல் தயாரித்தேன்: வீடு, பொருள், நாள், கேட்டில் வைக்க வேண்டியதா, மதில்மேல் வைக்க வேண்டியதா.

ஆகஸ்ட் 3, திங்கள்

மருந்துக் கடை, காய்கறி, மறுபடி மருந்துக் கடை. டீச்சருக்கு வெண்டைக்காய் முற்றல் என்று குறை. முனை உடைத்துப் பார்த்து வாங்குவது என் பழக்கம்தான். ஆனால் கடைக்காரர் முறைத்தார். நாளை உடைப்பேன்.

கூட்டத்தில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கவில்லை. முகக்கவசம் போடுகிறேன், சட்டம் சட்டம்தான். ஆனால் இடைவெளி நான்கடியாகக் குறைந்தாலும் நகர்வதில்லை. இன்று ஒருவர் வரிசையில் குறுக்கே புகுந்தார். "பின்னாடி வாங்க" என்றேன். வந்தார்! யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இந்த வேகத்திலேயே வீட்டுக்கு வந்து ஆறுச்சாமியிடம் தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"அட, இத இருவது வருசமாச் சொல்லாம எதுக்குங்க வெச்சிருந்தீங்க?" என்று குழாயை உள்பக்கமாக இழுத்துப் போய்விட்டார். கடிதத்தின் பதினொரு படிகளையும் கிழித்தேன். ஆறாவது படியின் நடை நன்றாக இருந்தது.

ருக்குமணிக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் நீங்களேதான் ஓடோணுமா?" என்கிறாள். கபசுரக் குடிநீரை முன்பு ஒரு டம்ளர் தருவாள், இப்போது மூன்று. வந்து போனவனுக்கு எதற்கு என்று கேட்டால் "குடிங்க" என்கிறாள். முந்தாநாள் "ஒரு விசயம் சொல்லோணுமுங்க" என்று ஆரம்பித்தாள். டீச்சர் கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 8, சனி

ஆறுச்சாமிக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் காய்ச்சல், பரிசோதனை, இன்று முடிவு. வயது அறுபத்தொன்று, சர்க்கரை இல்லை, மூச்சும் சீராக இருக்கிறது என்று வீட்டிலேயே இருக்கச் சொல்லி வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிப் போனார்கள். வீதியே உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டது.

கோமதி டீச்சர் கூப்பிட்டார். "பாவமுங்க, தனியாக் கெடக்கறாரு. கஞ்சி வெக்கறதுக்குக்கூட ஆளில்ல. உங்களுக்குத்தான் வந்து போயிருச்சே சார்…"

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கஞ்சித் தூக்குடன் கிளம்பியபோது ருக்குமணி கேட்டில் கை வைத்து நின்றாள். "வேண்டாமுங்க. வெளிய வெச்சுட்டு வந்துருங்க."

"பயப்படாத ருக்கு. எனக்கு ஊறியிருக்கு."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று உணர்ந்தேன்.

உள்ளே போனேன். ஆறுச்சாமி போர்த்திக்கொண்டு கிடந்தார். கிளிப் 96. வெப்பம் 101. அவர் தலையணையை உதறிப் போட்டேன். முகக்கவசத்துக்குள் வியர்த்ததால் அதைச் சற்றுக் கீழிறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

"சார், உங்களப் பாத்தாப் பூனை மாதிரி இருப்பீங்க. புலியாட்டம் உள்ள வந்துட்டீங்களே."

"வந்து போயிருச்சுங்கல்ல" என்றேன் அடக்கமாக.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆறுச்சாமி வீட்டுக்கு ஐந்தாவது முறையாகக் கிளம்பினேன். ருக்குமணி தூக்கை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு வரவே இல்லீங்க."

"என்ன வரல?"

"எதுவுமே வரல. அந்த டப்பாவுல இருந்தது காயமே இல்ல. கோதுமை மாவு."

மாவு ஏன் என்று கேட்டேன்.

"டப்பா நெறையக் காயத்தக் கொட்டி உங்க மூக்குக்குக் குடுக்கோணுமா? மோந்து பாக்கறதுக்கு எதா இருந்தா என்னன்னு நெனச்சுட்டேன்."

"மோந்து பாக்கறதுக்குத்தான் ருக்கு அதுவா இருக்கோணும்!"

"அப்பத் தோணலீங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "சாயங்காலம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க மேல போயிட்டீங்களா… வூடு அமைதியா இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு உட்டேன். அப்புறம் மூணு சீரியலு சேந்துக்கிச்சு. அப்புறம் நீங்க எறங்கி வந்து ராசா மாதிரி நடந்தீங்களா, சொல்ல மனசு வரல. கடைக்குத்தான போறாரு, கவசம் போட்டுட்டுத்தான போறாருன்னு இருந்தேன். இது அப்படியில்லீங்க." அழுதுவிட்டாள்.

டப்பாவைக் கொண்டுவந்து கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். கோதுமை மாவுதான். ஒரு வண்டுகூட இருந்தது.

ஆறுச்சாமி வீட்டுக்குள் நான்கு முறை போயிருக்கிறேன். பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதினேழு. மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம். அதில் கவசம் மோவாயில் இருந்தது சுமார் இருபது நிமிடம். அவர் தலையணையைத் தட்டி உதறியவன் நான். முகத்துக்கு நேரே.

இன்று போகவில்லை. ருக்குமணி கஞ்சியைக் கேட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

தூக்கமில்லை. 98.4. இரண்டு தசமங்கள் கூடுதல்.

காலை எட்டுக்குப் போயிருக்க வேண்டும். எட்டே காலுக்கு இவ்வாறு வாதிட்டேன்: எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, வயது எழுபத்தொன்று, போகாமலிருப்பதே அறிவுடைமை. எட்டரைக்கு: முந்தாநாளும் எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, வயது எழுபத்தொன்று, ஆனால் போனேன். எட்டே முக்காலுக்கு: தெரியாமல் போனது வேறு, தெரிந்து போவது வேறு. ஒன்பதுக்கு எந்த வாதமும் மிஞ்சவில்லை. பயம் மட்டும் இருந்தது.

கீழே வந்தபோது ருக்குமணி கொல்லைப்புறத்தில் யாரிடமோ செல்போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

இரண்டு கவசம் போட்டுக்கொண்டு ஆறுச்சாமியின் வாசல்வரை போனேன். நான் கேட்டைத் தொடும் முன்பே உள்ளிருந்து சத்தம்.

"மண்ணு சார்! உள்ள வராதீங்க!"

"ஏனுங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்தாலே காச்சல் ரெண்டு டிகிரி ஏறுதுங்க. சும்மா கிளிப்ப மாட்டு, மூச்ச இழு, இருவது எண்ணுன்னு… ஆசுபத்திரியே பரவால்ல. சன்னலுக்கு வெளிய நில்லுங்க. கஞ்சியச் சன்னல் திண்டு மேல வெச்சுட்டு அக்கட்டால போங்க."

மனம் புண்பட்டது. நான்கு முறை வந்து பணிவிடை செய்தவனிடம் பேசும் பேச்சா? ஆனால் புண்பட்ட அதே நொடியில் கால்கள் இரண்டும் இலேசானதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

போய்விடவில்லை. சன்னலுக்கு வெளியே எட்டடி தள்ளி முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "கிளிப்ப மாட்டுங்க" என்றேன். 95.

ஆகஸ்ட் 13, வியாழன்

சன்னல். 95. என்னைத் திட்டினார். குரலில் தெம்பு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

சன்னல். காலை 94, மாலை 93. திட்டவில்லை. ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றேன். காலையில் பார்க்கலாம் என்றார். வற்புறுத்தியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, சனி

காலை 7.40. சன்னலில் கூப்பிட்டேன். பதிலில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது முறையும் கூப்பிட்டேன். கட்டில் காலியாக இருந்தது. கட்டிலுக்கு அப்பால் ஒரு கால் தெரிந்தது.

108க்குச் சொன்னேன். எல்லா வண்டிகளும் ஓட்டத்தில் இருக்கின்றன, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கதவு தாழிடாமல்தான் இருந்தது. கைப்பிடிக்கும் எனக்கும் இரண்டடி.

நான் அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நான்கு நிமிடம்.

கோமதி டீச்சர் தன் மதில்மேல் கொடி செருகிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார். "என்ன சார் நிக்கறீங்க? உங்களுக்குத்தான் வந்து போயிருச்சே, உள்ள போங்க!"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் கேட்டில் ருக்குமணி நின்றிருந்தாள். தன் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நானும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

உள்ளே போனேன்.

கட்டிலில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். நினைவு இருந்தது. கிளிப் 86. குப்புறப் படுத்தால் மூச்சு கொஞ்சம் ஏறும் என்று படித்திருந்தேன். ஆனால் தொண்ணூறு கிலோ மனிதரை ஐம்பத்திரண்டு கிலோ மனிதன் எப்படிப் புரட்டுவது என்று எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. போர்வையை அடியில் நுழைத்து, சுவரில் கால் ஊன்றி, மூட்டையைப் புரட்டுவது போலத்தான் புரட்டினேன். இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவர் குப்புற, நான் மல்லாக்க.

"எதுக்குங்க உள்ள வந்தீங்க…" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "போங்க… சார்… அக்கட்டால…"

சொன்னவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. எனவே நான் போவதா இருப்பதா என்ற கேள்வி எழவில்லை. 86, 87, 89. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துச் சொன்னேன். தொண்ணூறு வந்தபோது "எறங்கறவங்க எறங்குங்க" என்று முனகினார். பயந்துவிட்டேன். பிறகுதான் விளையாடுகிறார் என்று புரிந்தது.

வண்டி வந்தது. ஏற்றினார்கள். நான் உள்ளே இருந்தது ஐம்பத்திரண்டு நிமிடம். கவசம் ஒரு நொடியும் இறங்கவில்லை.

நேரே மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஆறுச்சாமிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். 94.

ருக்குமணி தட்டை வாசலில் வைத்துவிட்டுப் பத்துப் படி கீழே இறங்கி நின்று, இரண்டு கவசத்துக்குள்ளிருந்து "சாப்டுங்க" என்கிறாள். கட்டிலில் வந்து உட்காரவில்லை. கீழே தொலைக்காட்சிச் சத்தமே கேட்கவில்லை. போட்டுக்கொள்ளச் சொன்னேன். "பாக்கப் புடிக்கலீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

குச்சிப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். நினைத்த அளவு வலி இல்லை. நினைத்ததைவிட ஆழம். தும்மிவிட்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். "எல்லாருந்தான் தாத்தா தும்முவாங்க" என்றாள் அந்தப் பெண், பிளாஸ்டிக் உடைக்குள்ளிருந்து. நாள் முழுக்க அவள் முகத்தில் மற்றவர்கள் தும்முகிறார்கள். அவளுக்கு வந்து போயிருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த ஆள் மூக்கைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

ஆகஸ்ட் 22, சனி

இல்லை என்று முடிவு. நூற்றில் முப்பது தவறு. ஆனாலும் ருக்குமணி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மாலையில் கீழே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஆறுச்சாமி வீடு திரும்பினார். மாடியிலிருந்து பார்த்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தது. அதைவிடக் கவலை: வந்து அரைமணி நேரமாகியும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

தனிமை முடிந்து கீழே இறங்கினேன். நாளை முதல் பேருந்துகள் ஓடுமாம். அந்தச் செய்தியை ஆறுச்சாமியே தன் கேட்டிலிருந்து சொன்னார். பாதிக் குரல்தான். ஆனால் மருந்துக் கடைவரை கேட்டிருக்கும்.

பிறகு கேட்டார். "ஒண்ணு கேக்கோணும் சார். அன்னிக்குக் காலைல உங்கூட்டு அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. உங்களுக்கு ஒண்ணுமே வந்ததில்ல, அவர உள்ள உடாதீங்கண்ணான்னு. அதனாலதான் அப்புடியெல்லாம் திட்டுனேன். வேற எப்படிச் சொன்னா நீங்க நிப்பீங்க?"

"திட்டுனதுல மூஞ்சியப் பத்தி வந்ததும் அதுக்குத்தானுங்களா?"

"அது தானா வந்ததுங்க." கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "உங்களுக்கும் தெரிஞ்சுதான இருந்துச்சு? தெரிஞ்சுமா உள்ள வந்தீங்க? பயமா இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இருக்குதுங்க."

"அப்பச் சரி" என்றார் திருப்தியாக. "ஆளு மாறிட்டீங்களோன்னு பாத்தேன்."

அடுத்து வேலை விஷயம் பேசினார். தெம்பு வந்ததும் வீதிக்கு மருந்து, காய்கறி வாங்குவதை இனி அவரே பார்த்துக்கொள்வாராம். "நெசமாலுமே வந்து போனவன் நான்தானுங்களே. நீங்க பேசாம வூட்டுல உக்காந்து இருவது எண்ணுங்க. சீட்டக் குடுங்க இங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு காலம் இருக்கும் என்பது தெரியாவிட்டாலும், இருப்பவர் அவர், இல்லாதவன் நான். உள்ளே போய்க் கட்டம் போட்ட பட்டியலை எடுத்தேன். மடித்தேன். பிரித்தேன். டீச்சர் வீட்டுக்கு வெண்டைக்காய் பிஞ்சாகப் பார்த்து எடுப்பது அவருக்குத் தெரியாது. ஏழாம் எண் வீட்டு மாத்திரையின் பெயர் அவர் வாயில் நுழையாது. ருக்குமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "குடுக்கறீங்களா, நான் கொண்டு போய்க் குடுக்கட்டுமா?"

கத்தரிக்கோல் கேட்டேன். பட்டியலைக் குறுக்கே வெட்டி ஐந்து வீடுகளை அவரிடம் கொடுத்தேன்.

ஆறு என்னிடம் இருக்கின்றன. அவர் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பதால் இதுவே நியாயமான பங்கீடு.